ஹெட்மாஸ்டர் என்பது வசவா?



பதிவு நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் முன்னாள் மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் புது நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்கிறோம். செயலாளர் பதவிக்கு ஒரு தம்பி நிற்கிறான். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். படிக்கிற காலத்தில் நன்றாகப் பந்து போடுவான், மாவட்ட அணி வரைக்கும் போய் வந்தான், இப்போது வங்கியில் வேலை. அவன் குழுவில் இரண்டே கேள்வி கேட்டான். மைதானத்துக்கு என்று வசூலித்த பணத்தின் கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது? மைதானத்தின் கிழக்குப் பாதியில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று எந்தக் கூட்டத்தில் முடிவானது?

இரண்டுக்கும் பதில் வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? "பெரிய ஹெட்மாஸ்டரு வந்துட்டாருப்பா." அதற்குக் கீழே இன்னொருத்தன், "இப்படியே பேசுனா கும்ப்ளே கதிதான் உனக்கு." மூன்றாவது ஆள் கொஞ்சம் வயசானவர், மரியாதையாகச் சொல்லியிருந்தார்: "விளையாடுறவன் விளையாடட்டும், நிர்வாகத்தை நாலு காசு பார்த்தவங்க பார்த்துக்குவாங்க." இதற்கெல்லாம் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பொம்மை போட்டவர்களில் பாதிப்பேர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்கள். கணக்கு நோட்டு காட்டாமல் என் வகுப்பில் எவனாவது வெளியே போயிருக்கிறானா, சொல்லுங்கள்.

நான் ஹெட்மாஸ்டராக இருந்தவனில்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்து இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, அப்படியே ஓய்வு பெற்றவன். ஆனாலும் அந்த வார்த்தையை வசவாகப் போட்டதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதோடு கும்ப்ளேயின் பெயரையும் சேர்த்து இழுத்ததால்தான் இந்தப் பதிவு.

கும்ப்ளே கதி என்கிறீர்களே, அந்தக் கதை உங்களில் எத்தனை பேருக்கு முழுசாகத் தெரியும்?

அனில் கும்ப்ளே, பெங்களூர்க்காரர், 1970-ல் பிறந்தவர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1990-ல் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடியபோது கண்ணாடி போட்ட காலேஜ் பையன். லெக் ஸ்பின் போடுகிறேன் என்று வந்தார், பந்து திரும்பவே இல்லை என்று எல்லோரும் குறை சொன்னார்கள். நானும் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதற்குக் காசா பணமா. 1993 நவம்பரில் ஹீரோ கப் இறுதி ஆட்டத்தில், கொல்கத்தாவில், 12 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தபோது அதே பெஞ்சில் வாயை மூடிக்கொண்டேன்.

1999 ஜனவரி கடைசியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சச்சின் முதுகுவலியோடு அடித்த நூறு வீணாய்ப் போன ஆட்டம். சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கை தட்டினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமை. சரியாக ஒரு வாரத்தில், பிப்ரவரி 7, டெல்லி கோட்லாவில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார். 74 ரன்னுக்கு 10. அதற்கு முன்னால் டெஸ்ட் வரலாற்றில் அதைச் செய்தவர் ஒரே ஒருவர், 1956-ல் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர்.

2002 மே மாதம் ஆன்டிகுவா. மெர்வின் டில்லன் போட்ட பந்து பட்டுத் தாடை உடைந்தது. ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டிய ஆள், தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் போட்டார். லாராவின் விக்கெட்டையும் எடுத்தார். அந்தப் படத்தை நம் வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். "சாருக்குப் பல்வலி வந்தா இப்படித்தான் கட்டுவாரு" என்று எவனோ அதன் கீழே பென்சிலில் எழுதி வைத்தான். யார் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் வீரம். வீரம் நிறையப் பேரிடம் இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

2008 ஜனவரி சிட்னி டெஸ்ட். கும்ப்ளே கேப்டன். நடுவர்களின் தீர்ப்புகள் நமக்கு எதிராகப் போயின, ஹர்பஜன் மேல் இனவெறிப் புகார், கடைசி நாளில் தோல்வி. கும்ப்ளே மட்டும் 45 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார். பிறகு பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. இரண்டு அணிகளில் ஒன்றுதான் விளையாட்டின் தர்மப்படி ஆடியது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்து பெர்த்தில் ஆடப் போகும் முன்னால், ஆஸ்திரேலிய வீரர் ஹாக் மீது நம்மவர்கள் கொடுத்திருந்த புகாரை அவரே திரும்பப் பெற்றார். பெர்த்தில் 72 ரன்னில் ஜெயித்தோம். கோபப்படவும் தெரிந்து, கோபத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்த ஆள். நிர்வாகத்துக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்கிறேன்.

அந்த வருஷம் நவம்பரில், அதே கோட்லாவில், விரலில் தையல் போட்ட நிலையில் ஓய்வை அறிவித்தார். 132 டெஸ்ட், 619 விக்கெட். இந்தியாவில் அந்த எண்ணிக்கையை இதுவரை யாரும் தாண்டவில்லை.

இனிமேல்தான் நிர்வாகம். 2010 நவம்பரில் கர்நாடக மாநிலக் கிரிக்கெட் சங்கத் தேர்தலில் கும்ப்ளே தலைவராக நின்றார், ஸ்ரீநாத் செயலாளருக்கு. இரண்டு பேரும் ஜெயித்தார்கள். எதிரணியில் இருந்தது மைசூர் ராஜ குடும்பத்தின் வாரிசு. நினைத்துப் பாருங்கள், பந்து போட்டவர்கள் ஓட்டுக் கேட்டுப் போய் ராஜாவைத் தோற்கடித்திருக்கிறார்கள். மூன்று வருஷம் இருந்தார்கள். பெங்களூருக்கு வெளியே ஆலூரில் மைதானங்கள், ஹூப்ளி மாதிரி மாவட்ட ஊர்களில் மைதானங்கள் என்று வேலை நடந்தது. 2013-ல் தவணை முடிந்தது. திரும்ப நிற்கவில்லை. அவ்வளவுதான். அடுத்த இரண்டு சீசனும் ரஞ்சிக் கோப்பை கர்நாடகத்துக்குத்தான். இரண்டாவது முறை மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது யார்? நம் தமிழ்நாடு. கருண் நாயர் என்ற ஒரே பையன் 328 ரன் அடித்தான். அந்த ரன்னெல்லாம் கும்ப்ளே அடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைதானத்தில் மண்டபம் கட்டியிருந்தால் அடித்திருக்க முடியாது.

திரும்ப நிற்காததைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1963 அக்டோபர் 2-ம் தேதி முதலமைச்சர் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்து போனவர் பிறந்த ஊர் இது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் தினமும் அவர் சிலையைத் தாண்டித்தானே போகிறோம். நம் சங்கத்துத் தலைவர் பதவியில் பதினாறு வருஷமாக ஒரே ஆள் இருப்பதை அந்தச் சிலை பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

மைத்துனர் இந்த இடத்தில் போன் போட்டு, "அத்தான், உங்க கும்ப்ளே மட்டும் சுத்தமா?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். சங்கத் தலைவராக இருந்த காலத்திலேயே அவர் நடத்திய விளையாட்டு நிறுவனம், கர்நாடக வீரர்கள் சிலரின் ஒப்பந்த வேலைகளைப் பார்த்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் சங்கத்துக்கும் தலைவர், தேர்ந்தெடுக்கப்படும் பையனின் வரவு செலவையும் பார்ப்பவர் என்றால் எப்படி? 2011-ல் பத்திரிகைகள் கேட்டன. தவறொன்றும் இல்லை என்றார் அவர். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. என் சொந்தப் பிள்ளை படிக்கிற வகுப்புக்கு நான் விடைத்தாள் திருத்தினால் எவ்வளவு நேர்மையாகத் திருத்தினாலும் ஊர் கேட்கத்தானே செய்யும்? என் மகன் ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கும்ப்ளேயும் அதைச் செய்திருக்க வேண்டும். அவர் செய்ததில் எனக்குப் பிடிக்காத ஒரே காரியம் அது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதே வருஷ முடிவில் தேசிய கிரிக்கெட் அகாடமித் தலைவர் பதவியில் தன் திட்டத்துக்கு ஒத்துழைப்பு இல்லை என்றதும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். நம் பக்கத்துக் கதை என்ன? ஐபிஎல் அணியை வைத்திருந்த நிறுவனத்தின் தலைவரே இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். அதற்கு இடம் கொடுக்கும்படி விதியையே திருத்தி வைத்திருந்தார்கள். 2015 ஜனவரி 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்று அடித்துப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. மஞ்சள் சட்டை போடுகிற பிள்ளைகள் கோபப்படாதீர்கள், தோனி பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் நம் அணி ஆட முடியாமல் போனது மேலே உட்கார்ந்திருந்தவர்களால்தானே என்று மட்டும் யோசியுங்கள்.

இப்போது நீங்கள் கேலி செய்த "கதி"க்கு வருகிறேன்.

2016 ஜூனில் கும்ப்ளே இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். ஒரு வருஷ ஒப்பந்தம். நோட்டும் பேனாவும் எடுங்கள், எண்ணலாம். வெஸ்ட் இண்டீஸில் 2-0. நியூசிலாந்தோடு 3-0. இங்கிலாந்தோடு 4-0. வங்கதேசத்தோடு 1-0. ஆஸ்திரேலியாவோடு 2-1. மொத்தம் 17 டெஸ்ட், 12 வெற்றி, 4 டிரா, புனேயில் ஒரே ஒரு தோல்வி. இது பரீட்சை என்றால் இந்தப் பையனை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும்.

2017 ஜூன் 18 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் பாகிஸ்தானிடம் தோல்வி. ஜூன் 20-ம் தேதி ராஜினாமா. தன் பாணி கேப்டனுக்குப் பிடிக்கவில்லை என்பதை வாரியம் சொல்லித்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டதாக அவர் எழுதினார். அணிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவதுதான் பயிற்சியாளரின் வேலை என்று தான் நினைப்பதாகவும் எழுதினார். ரொம்பக் கண்டிப்பு என்று சிலர் சொன்னார்கள். நேரத்துக்கு வரச் சொன்னாராம், செய்தது தப்பு என்றால் தப்பு என்றாராம். உச்ச நீதிமன்றம் போட்ட நிர்வாகக் குழுவில் இருந்த ராமச்சந்திர குஹா அதே மாதம்தான் விலகினார். விலகும்போது எழுதிய கடிதத்தில், நட்சத்திர வீரர்களுக்கு வாரியம் பயந்து கிடப்பதையும் கும்ப்ளேயை நடத்திய விதத்தையும் சேர்த்தே கண்டித்தார்.

கேப்டன் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினெட்டு பேரை மேய்ப்பது லேசில்லை என்பதும் தெரியும். கும்ப்ளே சொன்ன விதத்தில் கடுமை இருந்திருக்கலாம். ஆனால் வாரியம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? இரண்டு பேரையும் உட்கார வைத்து எதிரெதிரே பேச வைக்க ஒரு வருஷம் போதவில்லையா? ஒருவருக்கு ரசிகர் கூட்டம் அதிகம், மற்றவர் பழைய ஆள், அதனால் பழைய ஆள் போகட்டும் என்று எடை போட்டிருக்கிறார்கள். இதைத்தான் நீங்கள் "கதி" என்கிறீர்கள். அந்தக் கதிக்கு ஆளானவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, ஆளாக்கியவர்களைப் பார்த்து ஏன் சிரிக்கத் தோன்றவில்லை?

அவர் வீட்டில் முடங்கியும் போகவில்லை. 2012-ல் கிளைவ் லாயிடுக்குப் பிறகு ஐசிசி கிரிக்கெட் குழுவின் தலைவராக வந்தவர், 2021 வரை அதில் இருந்தார். கொரோனா காலத்தில் பந்தில் எச்சில் தடவக் கூடாது என்று சொன்னது அவர் தலைமையிலான குழுதான்.

அடுத்தது, "நிர்வாகத்தை நாலு காசு பார்த்தவங்க பார்த்துக்குவாங்க" என்ற பெரியவருக்கு. அய்யா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்கள் பட்டாசு ஆலை நடத்துகிறவர். மருந்து கலக்கிற அறைக்கு யாரைப் பொறுப்பாகப் போடுவீர்கள்? தீபாவளிக்கு லாரி லாரியாகச் சரக்கு எடுக்கிற பெரிய பார்ட்டியையா? மாட்டீர்கள். மருந்தோடு பழகின போர்மேனைத்தான் போடுவீர்கள். ஏனென்றால் அங்கே தப்பு நடந்தால் உயிர் போகும். மைதானத்தில் உயிர் போகாது என்றுதானே யாரை வேண்டுமானாலும் போடலாம் என்கிறீர்கள்?

அங்கேயும் போயிருக்கிறது. 2025 ஜூன் 4, பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். கோப்பையைப் பார்க்கப் போன பிள்ளைகள். எந்தக் கதவை எப்போது திறப்பது, எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பதுதான் நிர்வாகம். மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காருவது அல்ல. கூட்டம் என்றால் என்ன என்று நமக்கா தெரியாது? 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். முதலிப்பட்டி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருந்த நாளில் அங்கே புகை எழும்பியது. வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடினவர்கள்கூடத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆசிரியர் தினத்திலும் நான் பூ வாங்கிக்கொண்டதில்லை. காரணத்தை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

விளையாடினவன் எல்லாம் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. 2000-ல் சூதாட்டத்தில் மாட்டியவர்கள் எல்லாம் விளையாடினவர்கள்தான். நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. கேள்வி கேட்கிறவனைக் கேலி பண்ணி உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவே பொய்.

ஹீரோ கப் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். பள்ளிகளுக்கிடையே ஒரு கோடை டோர்னமெண்ட். பி.டி. மாஸ்டர் இல்லாததால் அணியை எடுக்கும் வேலை என் தலையில். ஒரு பையன் இருந்தான். டி.வி. கடை வாசலில் நின்று கும்ப்ளேயைப் பார்த்துப் பார்த்தே லெக் ஸ்பின் கற்றுக்கொண்டவன். சனி ஞாயிறு அம்மாவோடு பட்டாசு வேலைக்குப் போவான். திங்கட்கிழமை வரும்போது நக இடுக்கில் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னும். அந்தக் கையால் அவன் போடுகிற பந்தை எங்கள் பள்ளியில் யாராலும் தொட முடியாது.

மட்டை, பேட், ஸ்டம்பு எல்லாம் வாங்கிக் கொடுத்த ஒருவரின் மகனும் அணியில் இருக்க வேண்டும் என்று வந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. ஜாடையாகச் சொன்னார்கள், நான் புரிந்துகொண்டேன். பதினோராவது இடத்தில் அந்தப் பையனை எடுத்துவிட்டு இந்தப் பையனைப் போட்டேன். காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன்: சனி ஞாயிறு பயிற்சிக்கு அவன் வரவில்லை. உண்மைதான், வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதும் உண்மைதான்.

அவன் காரணமே கேட்கவில்லை. ஆட்டத்தன்று வந்து ஸ்கோர் எழுதினான். அழகான கையெழுத்து. நாங்கள் தோற்றோம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான், பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. அந்த ஸ்கோர் நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு. மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உன்னிடம் நேரில் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

தாடை உடைந்த பிறகும் பந்து போட்டவரைச் சுவரில் ஒட்டிவைத்தேனே, அது நான் இந்தக் காரியத்தைச் செய்து பல வருஷம் கழித்து. அந்தப் படத்தை ஏன் அவ்வளவு பெரிதாக ஒட்டினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். நான் ஆயுள் சந்தா கட்டிய உறுப்பினர், எனக்கும் ஓட்டு உண்டு. முழங்கால் வலி, மாடிப்படி ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும், யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். முன்வரிசையில் உட்காருவேன். அந்தத் தம்பி எழுந்து கேட்பதற்கு முன்னால் நானே எழுந்து கணக்கு நோட்டைக் கேட்பேன். ஹெட்மாஸ்டர் என்று சிரிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள்.